சும்மா இருக்க எட்டு நாள்

ஊருக்குப் போவது லீவு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு வரவும் :-)

குர்கான், புனே, நொய்டா, ஹைதராபாத் என்று பொட்டி தட்ட வந்துவிட்ட நம் வீடுகளில் லீவுக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வருஷத்துக்கு இருபது நாள் தருகிறார்கள். காய்ச்சல், பள்ளிக்கூடக் கூட்டம், தண்ணி மோட்டார் ரிப்பேர் பார்க்க ஆள் வரும் நாள் எல்லாம் போக மிஞ்சுவது பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டும் ஊருக்கு. எங்களுக்கு ஊர் என்றால் கோவில்பட்டி பக்கம். ரயிலில் போனால் இரண்டு ராத்திரி, விமானத்தில் போனால் மதுரை வரை முழுசாய் ஒரு பகல், அப்புறம் கார். போய் இறங்கும்போதே பட்டியல் தயாராக இருக்கும். பெரியப்பா வீடு, அத்தை வீடு, தங்கமணியின் தாய்மாமா வீடு, போன வருஷம் பெரியவர் தவறிப்போன வீட்டில் துக்கம் கேட்பது, புதுசாய்ப் பிறந்த பிள்ளைக்குக் கொலுசு, குலதெய்வத்துக்குப் பொங்கல். பதினாலு வீடு, பதினாலு காப்பி. ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த மூணு வருஷத்துக்கு அதே பேச்சுதான். அங்கே தங்கமணி பன்னிரண்டு நாளும் மருமகள். பிள்ளைகள் இரண்டும் கண்காட்சிப் பொருள். "இந்தில கனவு காணுமா, தமிழ்ல கனவு காணுமா?" என்று ஒரு சித்தப்பா என் பையனை வருஷாவருஷம் கேட்கிறார். அவனும் வருஷாவருஷம் முழிக்கிறான்.

இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வேண்டும். அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட்டால் குர்கான் தூசி ஆறு மாசத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அது கடமை. சந்தோஷமான கடமைதான், இருந்தாலும் கடமை. ஊரிலிருந்து திரும்பி வந்து திங்கட்கிழமை டேமேஜர் முன்னால் உட்காரும்போது "என்னப்பா, நல்லா ரெஸ்ட் எடுத்தியா?" என்று கேட்பாரே, அப்போது உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வருமே, உங்களுக்கும் வந்திருக்குமே?

சரி, ஊரை விட்டால் நமக்குத் தெரிந்த இன்னொரு லீவு, டூர். ஒன்பது நாளில் ஏழு நாடு. காலை ஆறு மணிக்கு அலாரம், ஏழு மணிக்குப் பஸ், பஸ்ஸில் புளியோதரைப் பொட்டலம், ஈஃபில் கோபுரத்துக்கு நாற்பது நிமிஷம், அதில் கழிப்பறை வரிசை இருபது நிமிஷம். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. திரும்பி வந்ததும் அந்த லீவிலிருந்து மீள இன்னொரு லீவு தேவைப்படும்.

2025-ல் என் பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்தாள். "என்ன வேணும்?" என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "எதையும் பார்க்க வேண்டாத ஒரு இடத்துக்குப் போலாமாப்பா?" இதைவிடப் புத்திசாலித்தனமாக எங்கள் வீட்டில் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அப்படித்தான் அந்த வருஷம் ஜூனில் கிரீஸில் சிஃப்னோஸ் என்ற தீவுக்குப் போனோம். கிரீஸ் என்றதும் எல்லார் மனசிலும் வருவது சாண்டோரினிதான். வெள்ளைச் சுவர், நீல மொட்டை கோபுரம், முன்னால் கையை விரித்தபடி ஒரு ஹீரோ. அதற்கு நான் தயாராக இல்லை. 2024 கோடையில் சில நாட்களில் அந்தத் தீவில் கப்பலிலிருந்து மட்டும் பதினேழாயிரம் பேர் வரை இறங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு எட்டாயிரம் பேருக்கு மேல் கப்பலில் வரக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நம்ம ரங்கநாதன் தெருவைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்? கிரீஸில் தீவு, திட்டு எல்லாம் சேர்த்தால் 6,000 வரும், அதில் மனிதர் வசிப்பவை 227 என்று கணக்குச் சொல்கிறார்கள். நாம் திரும்பத் திரும்பப் போய் விழுவது அதில் இரண்டு மூன்றில்தான்.

சிஃப்னோஸ் 74 சதுர கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. விமான நிலையம் கிடையாது, அதுதான் அதன் பாதுகாப்பு. ஏதென்ஸ் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். வேகக் கப்பல் என்றால் மூணு மணி நேரத்துக்குள், சாதாக் கப்பல் என்றால் ஐந்து மணிக்கு மேல். நாங்கள் சாதாக் கப்பலில்தான் போனோம். மேல்தளத்தில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே போவதில் பாதி அசதி கப்பலிலேயே போய்விட்டது. தீவில் இறங்கினால் பஸ். பிளாட்டிஸ் யாலோஸ் என்ற கடற்கரையில் சின்ன ரிசார்ட். சின்னது என்றால் உண்மையிலேயே சின்னது. கையளவு சமையலறையோடு ஒரு அறை, வாசலில் நாலு நாற்காலி, அதற்குப் பிறகு மணல், அதற்குப் பிறகு கடல்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். முதல் மூணு நாள் எங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. பையன் அரை மணிக்கு ஒரு தடவை "அடுத்து என்னப்பா?" என்றான். எனக்குக் கை தானாகப் போனுக்குப் போனது. அங்கே மணி பத்தடித்தால் குர்கானில் பன்னிரண்டரை, இந்நேரம் யார் என்ன ஆணி பிடுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. தங்கமணி வாடகை அறையைப் பெருக்கினாள், ரெண்டு வேளை! நான்காம் நாள் மத்தியானம் எல்லாரும் தூங்கிவிட்டோம். எழுந்தபோது மணி ஐந்தேகால். யாரும் யாரையும் எழுப்பவில்லை. அன்றிலிருந்துதான் எங்கள் லீவு ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். ஆக மூணு நாள், நாலு நாள் என்று போகிறவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. லீவு ஆரம்பிக்கும் முன்பே மூட்டை கட்டிவிடுவார்கள்.

அந்தத் தூக்கத்துக்கு அரசாங்கமே காவல் இருக்கிறது என்பது இன்னொரு ஆச்சரியம். கிரீஸில் கோடையில் மத்தியானம் மூணு மணியிலிருந்து ஐந்தரை வரை அமைதி நேரம் என்று விதியே இருக்கிறது. சத்தம் போட்டால் போலீஸில் சொல்லலாம். ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஏழு வரைக்கும் அப்படியே. எங்கள் குர்கான் அடுக்குமாடியில் ஞாயிறு மத்தியானம் மூணு மணிக்குத்தான் எதிர்வீட்டுக்காரர் டிரில்லிங் மெஷினை எடுப்பார். யோசித்துப் பார்த்தால் எட்டு நாளும் ஹாரன் சத்தம் கேட்ட நினைவே இல்லை.

கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் அம்மாவோடு எனக்கு வாக்குவாதமே. "ஏய்யா, திருச்செந்தூர்ல இல்லாத கடலா அங்க இருக்கு?" என்றாள் போனில். நியாயமான கேள்வி. நான் பிறந்ததிலிருந்து பார்த்த கடல் அதுதான். ஆனால் திருச்செந்தூர் கடலில் நாங்கள் யாரும் நீந்தியதில்லை. முங்கி எழுந்து நாழிக்கிணற்றுக்கு ஓடுவோம். என் அம்மா, அத்தைமார்கள் எல்லாம் புடவையோடு முழங்கால் தண்ணீரில் நின்று, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, அலை வந்தால் கத்துவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கும் கடலுக்கும். அலை இழுக்கும், ஆழம் தெரியாது என்பது ஒரு காரணம். நனைந்த புடவையைச் சுற்றி நிற்கும் கண்கள் இன்னொரு காரணம். இரண்டாவதை நாம் பேசுவதில்லை.

தங்கமணிக்கு நாற்பத்தொரு வயது. சென்னையில் நாலு வருஷம் படித்தவள், மெரினாவுக்கு வாராவாரம் போனவள், கழுத்தளவு கடலில் ஒரு தடவைகூட நின்றதில்லை. சிஃப்னோஸில் முழுக்கை நீச்சல் உடையோடு முதல் நாள் பயந்து பயந்து இறங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் எழுபது வயசுப் பாட்டி ஒருத்தர் தொப்பி போட்டுக்கொண்டு மிதந்தபடியே இன்னொரு பாட்டியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்தக் கடலில் நீரேற்றம் இறக்கம் மிகக் குறைவு. அந்த வளைகுடா தெற்கே திறந்திருப்பதால் வடக்கிலிருந்து அடிக்கும் கோடைக் காற்றும் அதிகம் படாது. இன்னொரு விஷயம், உப்பு. உலகக் கடல்களின் சராசரி லிட்டருக்கு 35 கிராம் என்றால் அங்கே 39 பக்கம் வரும். மிதப்பது கொஞ்சம் சுலபம். பெண்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "காதைத் தண்ணிக்குள்ள விடும்மா, வானத்தைப் பாரும்மா" என்று. ஆறாம் நாள் காலை அவள் தனியாக மிதந்தாள். நான் கரையில் நின்று எண்ணினேன். முப்பத்தெட்டு வினாடி. எழுந்து வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் "எங்கம்மாவுக்கு இது தெரியாமலே போச்சே" என்றாள்.

இதற்காகத்தான் காசு கொடுத்தோம் என்று நான் நினைக்கிறேன். பாக்கியெல்லாம் உபரி.

காசைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடலாம். நாலு பேருக்கு விமானம், விசா, கப்பல், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே போனது. பாதிக்கு மேல் விமானமும் விசாவும்தான். விசாக் கட்டணம் மட்டும் பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ, மையக்காரர்கள் வாங்குவது தனி. ஏழு நாட்டு டூருக்கு விலை விசாரித்திருந்தோம், அது இதைவிட அதிகம். சும்மா இருப்பதற்கு இவ்வளவா என்று கேட்டால், சரிதான், இவ்வளவு தேவையே இல்லை. அந்தமானில் நீல் தீவு இருக்கிறது (இப்போது ஷஹீத் தீவு என்று பேர்), கோகர்ணம் இருக்கிறது. நான் பேசுவது கிரீஸுக்காக இல்லை, எட்டு நாளை ஒரே இடத்தில் வைப்பதற்காக. ஆனால் யாரும் உற்றுப் பார்க்காத கடற்கரை நம் நாட்டில் எந்த ஊரில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த பெண்கள் யாராவது இருந்தால் தங்கமணிக்குச் சொல்லுங்கள், அடுத்த வருஷம் அங்கே போகிறோம்.

சாப்பாடு என்ன செய்தீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் சைவம். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு போனோம், பாதி அப்படியே திரும்பி வந்தது. அந்தத் தீவே கொண்டைக்கடலைக்குப் பேர்போனது என்று போன பிறகுதான் தெரியும். ரெவிதாதா என்று ஒரு கொண்டைக்கடலைச் சாறு. கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரியாணி இலை மாதிரி ஒரு இலை, அவ்வளவுதான் சாமான். மண்பானையில் போட்டு மூடி, சனிக்கிழமை ராத்திரி விறகு அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். ஞாயிறு காலை சர்ச் முடிந்து வந்து திறந்தால் கடலை வெண்ணெய் மாதிரி குழைந்திருக்கும். மேலே எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட வேண்டும். பானையும் அந்த ஊர்ப் பானையே, குயவர் தொழில் அங்கே பரம்பரையாக நடக்கிறது, வீட்டுப் புகைபோக்கியைக்கூட மண்ணில்தான் வனைந்து வைக்கிறார்கள். அதே கடலையை அரைத்து உருட்டிப் பொரித்தால் ரெவிதோகெஃப்தேதஸ். பேரைச் சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடும். பையன் வைத்த பேர் "கிரேக்க மசால் வடை". தயிர் நம்ம தயிரைவிடக் கெட்டி. சாதம் மட்டும் அறையில் வடித்துக்கொண்டோம். தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும், எதிரே ஏஜியன் கடல். இதைவிட என்ன வேண்டும்?

ஊர் சுற்றவே இல்லையா என்றால், இரண்டு தடவை கிளம்பினோம். கிரிசோபியி என்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் வெள்ளையாய் ஒரு மடம், 1650-ல் கட்டியது. அதுவரை நடந்து போய்வந்தோம். தீவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை கோயில் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். நாங்கள் பார்த்தது நாலு. பாக்கியைப் பார்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு வராததைக் கண்டு எனக்கே ஆச்சரியம்.

நம்மைப் போன்றவர்கள் போவதால் அந்த ஊருக்கு என்ன ஆகிறது என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தீவுகளில் மழை குறைவு, பலவற்றில் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். எல்லா வீடும் கோடையில் வாடகைக்குப் போய்விடுவதால் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் டாக்டருக்கும் தங்க வீடு கிடைக்கவில்லை என்பது அங்கே தீராத புலம்பல். தனி நீச்சல்குளம் வைத்த பங்களாக்கள் மலைமேல் முளைக்கின்றன. கண்ணெதிரே கடலை வைத்துக்கொண்டு குடிதண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் குளம் எதற்கு? பக்கத்துத் தீவான பாரோஸில் 2023-ல் ஊர்மக்கள் கையில் துண்டோடு கடற்கரைக்கு வந்து போராட்டமே நடத்தினார்கள், சாய்வு நாற்காலிக் கடைக்காரர்கள் மணலை முழுக்க வளைத்துப்போட்டுவிட்டார்கள் என்று. அடுத்த வருஷமே சட்டம் வந்தது. கடற்கரையில் பாதியையாவது காலியாக விட வேண்டும், தண்ணீரிலிருந்து நாலு மீட்டர் தள்ளித்தான் நாற்காலி போட வேண்டும். துண்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டம் வாங்கி வந்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆகவே போகிறவர்கள் சின்ன அறையாய்ப் பார்த்துப் போங்கள், சவுக்கு மாதிரி ஒரு மரம் கரையெல்லாம் நிற்கிறது, அதன் நிழலில் நம் துண்டை விரித்தால் போதும்.

இனி, சொந்தபந்தம். அந்த வருஷக் கோடையில் ஊருக்குப் போகவில்லை. சித்தப்பா பெண் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கும் போகவில்லை. "அம்மாவைப் பார்க்க லீவு இல்ல, கிரீஸுக்கு மட்டும் லீவு இருக்கா?" என்று தங்கை குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் போட்டாள். கோபம் வந்தது. ஆனால் அவள் அம்மா பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவள், அந்தக் கேள்வி கேட்க அவளுக்கு உரிமை உண்டு. என் பதிலையும் அங்கேயே போட்டேன்: தீபாவளிக்கு ஒரு வாரம் வருகிறேன், நீ அந்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போ, செலவு என்னுது, எதையும் பார்க்காத இடமாகப் போ. இரண்டு நாள் பதில் இல்லை. மூணாம் நாள் "வர்கலா எப்படிண்ணே இருக்கும்?" என்று தனியாகக் கேட்டாள். தீபாவளிக்கு மறுநாள் போய்விட்டும் வந்தாள்.

நம்மில் பலர் இந்தப் பிரச்சினையை வேறு மாதிரி தீர்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் குடும்பத்தோடு பாலிக்குப் போனார், ஊருக்குச் சொன்னது ஆபீஸ் டிரெயினிங். பிள்ளைகளுக்குப் "பாட்டிகிட்ட சொல்லிடாதீங்க" என்று பாடம் எடுத்து, போட்டோ எதையும் வெளியில் காட்டாமல், ஒரு வாரம் முழுக்கத் திருடன் மாதிரி லீவு எடுத்தார். இன்னொருவர் வீட்டில் ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தால் அறைக்குள் ஓடித் திரையை இழுத்துவிட்டு எடுப்பார்களாம், பின்னால் கடல் தெரியக்கூடாதே. இதற்குப் போகாமலே இருக்கலாம். எட்டு நாள் சும்மா இருந்தது குற்றம் என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு அவர்கள் நம்மிடம் எதைச் சொல்லுவார்கள், எதை மறைப்பார்கள்? சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு நாள் முகம் தூக்கி வைத்துக்கொள்வார்கள், வைத்துக்கொள்ளட்டுமே.

அம்மாவும் முகத்தைத் தூக்கித்தான் வைத்திருந்தாள். தீபாவளிக்குப் போனபோது பேத்தி போட்டோவெல்லாம் காட்டினாள். மடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருமகள் மிதக்கிற படத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்த்தினாள். கடைசியில் கொண்டைக்கடலைப் பானை வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ராத்திரி முச்சூடும் உள்ள கிடந்தா அடி பிடிக்காதா? எம்புட்டுத் தண்ணி ஊத்துதாக?"

அது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பார்த்தால் அடுக்களையில் ஒரு கிண்ணத்தில் கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது.